உயரத்தை அளந்து என்ன காணப் போறம்?

உலகத்திலேயே உயரமான ரோலர் கோஸ்டர் எது எண்டு எங்கட பட்ச்சில ஆரிட்டயாவது கேட்டுப் பாருங்கோ. ஒருத்தராவது டக்கெண்டு பதில் சொல்லுவார். அவர் அதில ஏறியிருக்க மாட்டார். ஏறப் போறதுக்கு விசாவும் இல்லை, காசும் இல்லை. ஆனால் மீற்றர், கிலோமீற்றர், செக்கன் எல்லாம் மனப்பாடம். யூரியூப்பில் தமிழில் வருகிற 'உலகின் டொப் 10' வீடியோக்களும் இதைத்தான் ஓதுகின்றன. இந்தப் பூங்காவின் புது ரைட் இவ்வளவு உயரம், போட்டிப் பூங்காவின் புது ரைட் அதைவிட இவ்வளவு கூட, ஆகவே அதுதான் வெற்றி, பெல் பட்டனை அமத்துங்கோ. முடிஞ்சுது ஒப்பீடு.

இதுக்குப் பேர் ஒப்பீடு இல்லை. நிறுவனம் அச்சடிச்சுக் குடுத்த விளம்பரத் துண்டை எங்கட வாயால திருப்பி வாசிக்கிறது. அதுவும் சம்பளம் இல்லாமல்.

சும்மா பொழுதுபோக்குத்தானே, விடுங்கோவன் எண்டு சொல்லுவினம். விட ஏலாது. ஏனெண்டா சனம் எதை அளக்குதோ அதைத்தான் நிறுவனம் கட்டும். சனம் எதைக் கேட்கேல்லையோ அதைச் சொல்லாமல் விடும். உயரத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் உயரம் மட்டும் கிடைக்கும். அதற்கு நடந்த கதை இருக்கு.

பதினொரு மீற்றர்ச் சண்டை

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் இருக்கிற பூங்கா சீடர் பொயிண்ட். உயரப் போட்டியில் பழைய கை. 1989இல் அவர்கள் திறந்த மக்னம், 200 அடியைத் தாண்டிய முதலாவது முழுச்சுற்று ரோலர் கோஸ்டர். 2000ஆம் ஆண்டு மே மாதம் மில்லேனியம் ஃபோர்ஸைத் திறந்தார்கள். 94 மீற்றர். உலகத்திலேயே உயரம் எண்டு கொடி பிடித்தார்கள். அதே வருசம் ஓகஸ்டில் ஜப்பானின் நாகாஷிமா பூங்கா ஸ்டீல் டிராகன் 2000ஐத் திறந்தது. 97 மீற்றர். கொடி மூன்று மாதம்கூடப் பறக்கவில்லை.

விட்டார்களா? 2003இல் சீடர் பொயிண்ட் டொப் திரில் டிராக்ஸ்ரரைக் கட்டியது. 128 மீற்றர், மணிக்கு 193 கிலோமீற்றர். இப்ப நியூ ஜேர்சியில் இருந்து போட்டி வந்தது. சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அட்வெஞ்சர் 2005இல் கிங்டா கா எண்டதைத் திறந்தது. 139 மீற்றர், மணிக்கு 206 கிலோமீற்றர். வித்தியாசம் 11 மீற்றர்.

இந்த இரண்டையும் செய்து குடுத்தது ஒரே கொம்பனி, சுவிற்சர்லாந்தின் இன்டமின். வடிவமும் கிட்டத்தட்ட ஒண்டுதான். நேர்ப் பாதையில் ஒரு உதை, செங்குத்தாய் ஏற்றம், முறுக்கிக்கொண்டு செங்குத்தாய் இறக்கம், பிரேக். கிங்டா காவில் கடைசியில் ஒரு சின்ன மேடு கூட. பக்கத்து வீட்டுக் கலியாணத்துக்குச் சட்டை தைச்ச அதே தையல்காரரிட்டப் போய், 'அவையின்ர சட்டையவிட ரெண்டு இஞ்சி நீளமாத் தையுங்கோ அண்ணை' எண்டு துணியைக் குடுத்த கதைதான் இது. இதைத்தான் உலகம் முழுக்க இரண்டு பூங்காக்களின் மாபெரும் போட்டி எண்டு பேசிச்சுது.

டிராக்ஸ்ரர் ஓடி முடிய 17 செக்கன். 17 செக்கனுக்காக மணித்தியாலக் கணக்கில் வரிசை. அந்த வரிசையும் நகர்ந்தால்தானே! ரயிலை நாலு செக்கனுக்குள்ள அந்த வேகத்துக்குக் கொண்டுபோக, அழுத்தப்பட்ட நைதரசன் வாயு எண்ணெயைத் தள்ள, எண்ணெய் மோட்டார்களைச் சுத்த, மோட்டார்கள் பெரிய உருளையில் இரும்புக் கம்பியைச் சுருட்ட, அந்தக் கம்பி ரயிலை இழுக்கவேண்டும். இவ்வளவும் ஒவ்வொரு ரயிலுக்கும் பிழைக்காமல் நடக்கவேண்டும். நடந்ததா? கிங்டா கா திறந்து மூன்று வாரத்திலேயே உதைக்கும் பொறியில் ஒரு போல்ட் உடைஞ்சு ஓகஸ்ட் வரைக்கும் மூடிக்கிடந்தது. 2009இல் மின்னல் அடிச்சு மூடிச்சுது. காற்றுக் கொஞ்சம் கூடினால் மூடல், மழை எண்டால் மூடல். சில நேரம் உதை போதாமல் ரயில் உச்சியைத் தொடமுதல் பின்னால வழுக்கி வரும். வேடிக்கை என்னெண்டா, ரசிகர்கள் அதுக்காகவே காத்திருந்தார்கள். ரைட் ஒழுங்காய் ஓடுறதைவிட அது தோற்கிறதுதான் சுவாரசியம் எண்டால், அந்த ரைட்டைப் பற்றி வேற என்ன சொல்ல இருக்கு?

டிராக்ஸ்ரரின் முடிவு வேடிக்கை இல்லை. 2021 ஓகஸ்டில் ஓடுகிற ரயிலில் இருந்து ஒரு சின்ன உலோகத் துண்டு கழன்று பறந்து வரிசையில் நின்ற ஒரு பெண்ணின் தலையில் அடிச்சுது. படுகாயம். ரைட்டில் ஏறியிருந்தவர் இல்லை, ஏற நின்றவர். அதோடு அந்த ரைட் மூடப்பட்டது. அடுத்த வருசம், இனி அந்த வடிவில் திறக்க மாட்டோம் எண்டு அறிவித்தார்கள். உதைக்கும் முறையை மாற்றி, 2024 மே மாதம் டொப் திரில் 2 எண்ட பேரில் திறந்தார்கள். ஒண்டரைக் கிழமைகூட ஓடேல்ல, ரயில் பெட்டிகளில் பிரச்சினை எண்டு மூடி, அந்தப் பருவம் முழுக்க மூடியே கிடந்தது. 2025இல்தான் திரும்ப ஓடியது.

கிங்டா கா? 2024 யூலை 1ஆம் திகதி, சீடர் பொயிண்டின் உரிமையாளரான சீடர் ஃபெயாரும் சிக்ஸ் ஃபிளாக்ஸும் ஒரே கொம்பனியாய் இணைந்தன. இத்தனை வருசமாய் எங்கட ஆக்கள் மாறி மாறிக் கட்சி பிடிச்ச இரண்டு பகைவர்களும் ஒரே கணக்குப் புத்தகத்துக்குள்ள போயிட்டினம். அதே வருசம் நவம்பரில், கடைசி நாள் இதுதான் எண்டு ரசிகர்களுக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் கிங்டா காவை நிறுத்தி, பிறகுதான் அறிவித்தார்கள். 2025 பெப்ரவரி 28 காலை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 139 மீற்றர் சில செக்கனில் தரையில்.

இப்ப சொல்லுங்கோ, 2005இல் வென்றது ஆர்?

ஒரு மறுப்பு வரும். 19 வருசமாய் அந்தச் சாதனையை ஒருத்தரும் முறியடிக்கேல்லையே, அது பெரிய விசயம்தானே எண்டு. ஏன் முறியடிக்கேல்ல எண்டு யோசியுங்கோ. ஏலாமல் இல்லை. மற்றப் பூங்காக்கள் கணக்குப் பார்த்தன. அதைவிட உயரமாய்க் கட்டினால் செலவும் பழுதும்தான் கூடும், ஏறுகிறவருக்குப் பெரிசாய் ஒண்டும் கூடாது எண்டு விளங்கியிருக்கும். ஓட்டப் போட்டியில் மற்ற எல்லாரும் வீட்டை போனபிறகு தனிய ஓடி முதலாவதாய் வந்த மாதிரி.

இதில் பெரிய பகிடி மில்லேனியம் ஃபோர்ஸ். மூன்று மாதத்தில் பட்டத்தைப் பறிகொடுத்த அதே ரைட், ரசிகர்களும் துறைசார்ந்தவர்களும் வாக்களிக்கிற கோல்டன் ரிக்கற் விருதுகளில் சிறந்த இரும்புக் கோஸ்டராய்ப் பல தடவை முதலாவது வந்தது. இண்டைக்கும் ஓடுது. அதே பூங்காவில் 2018இல் ஸ்டீல் வென்ஜன்ஸ் வந்தது. 1991இல் கட்டி, உடம்பை உலுக்குது எண்டு சனம் வெறுத்த ஒரு பழைய மரக் கோஸ்டரின் எலும்புக்கூட்டில் புது இரும்புப் பாதை போட்டுச் செய்தது. உயரம் 62 மீற்றர். டிராக்ஸ்ரரின் பாதிகூட இல்லை. ஆனால் உடம்பு ஆசனத்தை விட்டு எழும்புகிற நேரத்தைக் கூட்டினால் 27 செக்கன் எண்டு பூங்கா சொல்லுது. இதுவும் பூங்கா சொல்லுகிற எண்தான், நான் மறுக்கேல்ல. ஆனால் இந்த எண் இரும்பைப் பற்றினது இல்லை, ஏறினவரின்ர உடம்பைப் பற்றினது. ஒண்டில மொத்த ஓட்டமே 17 செக்கன். மற்றதில மிதக்கிற நேரம் மட்டும் 27 செக்கன். எந்த எண்ணை நீங்கள் வீடியோவில் கண்டனீங்கள்?

பள்ளத்துக்குள்ள கட்டின ரைட்

சாதனை எண் எவ்வளவு வெறுமையானது எண்டதுக்கு எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி 1994இல் இங்கிலாந்தில் இருக்கு. அந்த ஒரே வருசத்தில் இரண்டு போட்டிப் பூங்காக்கள் தங்கட பெரிய ரைட்டைத் திறந்தன.

பிளாக்பூல் கடற்கரையில் பிளெஷர் பீச் பூங்கா பிக் வன்னைத் திறந்தது. பெப்சியின் காசும் பெயரும் சேர்ந்து வந்தது. ஏறத்தாழ 65 மீற்றர், அந்த நேரம் உலகத்திலேயே உயரம். அங்கால ஸ்ராஃபர்ட்ஷயரில் ஓல்ரன் ரவர்ஸ் பூங்காவுக்கு ஒரு சிக்கல். பக்கத்தில் கிராமம். மரங்களின் தலைக்கு மேல ஒண்டும் தெரியக்கூடாது எண்டு கட்டட அனுமதிக் கட்டுப்பாடு. உயரத்தில் போட்டி போட வழியே இல்லை. ஆகவே அவர்கள் பாறையைத் தோண்டினார்கள். வடிவமைப்பாளர் ஜோன் வார்ட்லியின் தலைமையில் நெமசிஸ் ஒரு பள்ளத்துக்குள் பிறந்தது. தண்டவாளம் தலைக்கு மேல, கால் அந்தரத்தில. ஐரோப்பாவில் அப்படித் தொங்கிக்கொண்டு போகிற முதலாவது கோஸ்டர். தரையில் இருந்து அதன் உயரம் 13 மீற்றர்.

65உம் 13உம். எங்கட 'டொப் 10' தம்பிமார் அந்த வருசம் வீடியோ போட்டிருந்தால் நெமசிஸின் பெயரே வந்திராது.

நடந்தது என்ன? பிக் வன்னின் பட்டம் இரண்டு வருசத்தில் போயிட்டுது. 1996இல் ஜப்பானின் ஃபுஜியாமா எடுத்துக்கொண்டது. நெமசிஸிடம் பறிக்கப் பட்டமே இருக்கேல்ல, ஆகவே அதை ஒருத்தரும் பறிக்கவும் ஏலேல்ல. ஒரு தலைமுறையே அதைக் கொண்டாடினது. 2022 நவம்பரில் நிறுத்தி, தேய்ந்த பாதையின் பெரும்பகுதியைக் கழற்றிப் புதுசாய்ப் போட்டு, அதே வளைவுகளோடு 2024 மார்ச்சில் திரும்பத் திறந்தார்கள். ஒரு ரைட்டுக்கு முப்பது வயதாகும்போது இடிக்காமல் திரும்பக் கட்டுகிறார்கள் எண்டால், அதைவிடப் பெரிய பாராட்டு வேற இல்லை. 139 மீற்றர்க்காரனுக்குக் கிடைத்தது வெடிமருந்து.

இதில் மாயம் ஒண்டும் இல்லை. மனித உடம்புக்கு உயரம் தெரியாது. ஒரே வேகத்தில் போனால் வேகமும் தெரியாது. தெரிவது மாற்றம் மட்டும்தான். A9 வீதியில் மாங்குளம் தாண்டி நேர் ரோட்டில பஸ் பறக்கேக்க எங்களுக்கு நித்திரை வரும். அதில பாதி வேகத்தில பதுளைப் பக்கம் வளைவு எடுக்கேக்க முன் சீற்றைப் பிடிச்சுக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிடுவம். பஸ் ஒண்டுதான், உடம்பும் ஒண்டுதான். திறந்த வானத்தில் 200 கிலோமீற்றரில் போவதைவிட, கால் நுனிக்குப் பக்கத்தில் பாறை ஓட 80இல் வளைவது கூடப் பயம் தரும். நெமசிஸ் செய்தது இதைத்தான்.

இன்னொரு கணக்கும் இருக்கு. உயரத்தில் இருந்து விழும்போது கிடைக்கிற வேகம் உயரத்தோடு நேராய்க் கூடாது, உயரத்தின் வர்க்கமூலத்தோடுதான் கூடும். ஓ-எல் விஞ்ஞானம் போதும் இதுக்கு. உயரத்தை இரண்டு மடங்காக்கினால் வேகம் 41 வீதம்தான் கூடும். இரும்பும், அத்திவாரமும், காற்றின் தள்ளும், பராமரிப்பும் இரண்டு மடங்கோடு நிற்காது. ஆக, ஒவ்வொரு புது மீற்றரும் முந்தின மீற்றரைவிடக் குறையத் தருது, கூடக் கேட்குது. இந்த நட்டத்தை ஆர் கட்டுறது? ரிக்கற் எடுக்கிற சனம்தான், காசாலயும் வரிசையில நிண்ட காலாலயும்.

அளக்க வேண்டிய உயரம் வேற

சரி, எண்ணே வேண்டாமா? வேணும். கேள்விதான் மாறவேணும்.

புளோரிடாவின் ஒர்லாண்டோவில் டிஸ்னியும் யூனிவர்சலும் வருசக்கணக்காய் மோதுகின்றன. யூனிவர்சல் 2021இல் வெலோசிகோஸ்டரைத் திறந்தது. 47 மீற்றர், மணிக்கு 113 கிலோமீற்றர், தண்ணிக்கு மேல தலைகீழாய் ஒரு உருளல், மடியில ஒரு பூட்டு மட்டும். அடுத்த வருசம் டிஸ்னி கொஸ்மிக் ரீவைண்டைத் திறந்தது. முழுக்க மூடிய கட்டடத்துக்குள், பின்பக்கமாய் உதைத்து, பெட்டி சுழன்று சுழன்று, பாட்டோடு போகிற ரைட். எது திறம் எண்டு இணையத்தில் நடந்த சண்டைக்கு அளவே இல்லை. வேகத்தை வைத்துப் பார்த்தால் வெலோசிகோஸ்டர் எண்டு ஒரு பக்கம். கதை இருக்கு எண்டு மறுபக்கம்.

ஒரு எண்ணை அந்தச் சண்டையில் தேடித்தான் பிடிக்கவேண்டியிருந்தது. வெலோசிகோஸ்டரில் ஏற ஆகக்குறைந்தது 130 சென்ரிமீற்றர் உயரம் வேணும். கொஸ்மிக் ரீவைண்டுக்கு 107 போதும். இந்த 23 சென்ரிமீற்றருக்குள்ள எத்தினை பிள்ளைகள் நிக்கினம்! ஒரு குடும்பம் வருசக்கணக்காய்ச் சேர்த்த காசில் போகுது. மூத்தது ஏறும், இளையது வாசலில நிண்டு அழும். தாயோ தகப்பனோ அதோட நிக்கவேணும். கோஸ்டரின் உயரத்தை விடுங்கோ, வாசலில நிக்கிற பிள்ளையின்ர உயரம்தான் அந்தக் குடும்பத்தின்ர நாளைத் தீர்மானிக்குது. இதை வைத்து ஒரு ரைட் நல்லது, மற்றது கூடாது எண்டு நான் சொல்லவரேல்ல. இரண்டும் வேற வேற ஆக்களுக்குக் கட்டப்பட்டவை. அந்த 'ஆருக்கு' எண்ட கேள்வி இல்லாமல் ஒப்பிடுறது, தேங்காயையும் தேங்காய்த் துருவலையையும் தராசில வைச்சு எது பாரம் எண்டு பாக்கிற வேலை.

உடம்பு பெரிய ஆக்களுக்கு அந்தப் பூட்டு பூட்டுமா? சனம் நிறைந்த நாளில் ஒரு மணித்தியாலத்துக்கு எத்தினை பேரை ஏற்றும்? திறந்த முதல் வருசத்தில் எத்தினை நாள் மூடிக்கிடந்தது? இந்த நாளாந்தக் கேள்விகளுக்கு எந்த விளம்பரத் துண்டிலயும் பதில் இல்லை. கேட்கிற ஆளும் இல்லை.

ஆர் சோதிச்சது?

இப்ப முக்கியமான கேள்விக்கு வாறன்.

புளோரிடாச் சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருக்கு. ஆயிரம் ஊழியர்களுக்கு மேல் வைத்திருக்கிற, தனக்கென முழுநேரச் சோதனையாளர்களை வைத்திருக்கிற நிரந்தரப் பூங்காக்கள் மாநில அரசின் வழமையான ரைட் சோதனைக்கு உட்பட்டவை இல்லை. டிஸ்னி, யூனிவர்சல் போன்ற பெரிய கைகள் இதற்குள் வரும். தங்கட ரைட்டைத் தாங்களே சோதிக்கலாம். காயங்களைப் பற்றி மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாநிலத்துக்குத் தாங்களே அறிவிப்பார்கள், அதுவும் 24 மணித்தியாலத்துக்காவது ஆஸ்பத்திரியில் வைக்கவேண்டி வந்தவை மட்டும். அறிக்கையில் ஒரு சம்பவத்துக்கு ஒண்டு ரெண்டு வரி.

வேகத்தைச் சொல்ல ஒரு முழு வீடியோ. காயத்தைச் சொல்ல ஒரு வரி.

யூனிவர்சலின் புதிய பூங்காவான எபிக் யூனிவர்ஸ் 2025 மே 22இல் திறந்தது. அதன் நட்சத்திர ரைட், இரண்டு ரயில்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகிற ஸ்ரார்டஸ்ற் ரேசர்ஸ். ஒப்பீட்டு வீடியோக்கள் மழையாய்ப் பொழிந்தன. நாலு மாதம் ஆகவில்லை, செப்ரெம்பரில் அதில் ஏறிய ஒருவர் உயிரிழந்தார். ஒரு விபத்தை வைத்து ஒரு ரைட்டையே குற்றவாளியாக்குவது நியாயமில்லை, அதை நான் செய்யேல்ல. ஆனால் அந்த நாலு மாதமும் வந்த நூற்றுக்கணக்கான ஒப்பீடுகளில் 'இதைச் சோதிக்கிறது ஆர்?' எண்டு கேட்டது எத்தினை?

இங்கிலாந்துக் கதையும் ஒண்டு. மேல சொன்ன அதே ஓல்ரன் ரவர்ஸ் 2013இல் ஸ்மைலரைத் திறந்தது. 14 தரம் தலைகீழ், உலக சாதனை. விளம்பரம் முழுக்க 14, 14, 14. 2015 யூன் 2ஆம் திகதி, 16 பேர் இருந்த ரயில் ஒண்டு பாதையில் நிண்ட வெற்று ரயிலோடு மோதியது. இரண்டு இளம் பெண்கள் காலை இழந்தார்கள். தண்டவாளம் உடையேல்ல. கணினி சரியாய்த்தான் ரயிலை நிறுத்தி வைச்சிருந்தது. ஊழியர்கள் அது பிழையான நிறுத்தம் எண்டு நினைச்சு, அதை மீறி ரயிலை அனுப்பினார்கள். அப்படியான நேரத்தில் என்ன செய்யவேணும் எண்ட ஒழுங்கான நடைமுறையை நிர்வாகம் வைத்திருக்கேல்ல எண்டது விசாரணையில் வெளிவந்தது. 2016இல் உரிமையாளரான மேர்லின் நிறுவனத்துக்கு 5 மில்லியன் பவுண்ஸ் தண்டம்.

14 எண்ட எண்ணால விபத்து நடந்தது எண்டு நான் சொல்லேல்ல. ஆனால் அந்த ரைட்டைப் பற்றி உலகத்துக்குத் தெரிஞ்சது 14 மட்டும்தான். அதில் ஏறுகிறவரின்ர உயிருக்கு உண்மையில் பொறுப்பாய் இருந்தது ஒரு நடைமுறைத் தாள், ஒரு பயிற்சி, ஒரு ஊழியரின்ர தலையில் ஏறியிருக்கிற வேலை நெருக்கடி. அதுகளைப் படம் பிடிச்சுப் போட ஏலாது. ஆகவே ஒருத்தரும் அளக்கேல்ல.

உனக்கென்ன கவலை?

இலங்கையில இருந்துகொண்டு, ஏறாத ரைட்டைப் பற்றி உனக்கென்ன இவ்வளவு கோபம் எண்டு கேட்பினம். நியாயமான கேள்விதான்.

முதலாவது, ஏறாட்டிலும் நாங்கள் சந்தைக்கு வெளியில இல்லை. எங்கட பார்வைகள், எங்கட பகிர்வுகள்தான் 'உலகமே பேசும்' எண்ட பட்டத்தைச் செய்யுது. 2025 டிசம்பர் 31இல் சவூதியில் ரியாத்துக்குப் பக்கத்தில், கித்தியாவில், புதிய பூங்காவும் ஃபால்கன்ஸ் ஃபிளைட்டும் திறந்தன. 150 மீற்றருக்கு மேல் உயரம், மணிக்கு 250 கிலோமீற்றர், 4 கிலோமீற்றருக்கு மேல் பாதை. உயரம், வேகம், நீளம் மூன்றும் உலக சாதனை. வாசலில் உள்ள பெயர் சிக்ஸ் ஃபிளாக்ஸ். செய்தது திரும்பவும் இன்டமின். அதே பெயர், அதே தையல்காரர், வாடிக்கையாளர் மட்டும் புதுசு, சேப்பில கனக்கக் காசோட. ரைட் நல்லாய் இருக்கலாம், அந்தப் பாலைவனக் குன்றில் இருந்து விழுகிறது அற்புதமாய்க்கூட இருக்கலாம். ஆனால் அதைக் காலம்தான் சொல்லவேணும். மூன்று சாதனையோட பிறந்தது எண்டது அதற்கு அத்தாட்சி இல்லை. கிங்டா காவும் இரண்டோட பிறந்ததுதான்.

இரண்டாவது, இந்த நோய் எங்களுக்குப் புதுசு இல்லை. எத்தினை ஏ, என்ன இசட் புள்ளி, மாவட்டத்தில எத்தினையாம் ஆள் எண்டு கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். ஆர்ட்ஸ் எண்டு சொன்ன உடன முகம் சுழிக்கிற சொந்தக்காரருக்கு எங்கள் படிப்பில் என்ன இருக்கு எண்டு தெரியாது, வெட்டுப்புள்ளி மட்டும் தெரியும். ஒரு எண்ணைக் காட்டினால் அதுக்குப் பின்னால என்ன இருக்கு எண்டு கேட்காமல் தலையாட்டப் பழக்கியிருக்கினம். எங்களை அளந்த அதே கோலைத் தூக்கி நாங்கள் உலகத்தை அளக்கத் திரியிறது, நல்லாவே இல்லை.

சனத்துக்குக் கனவு வேணும், சாதனை எண்டால் ஒரு கிளுகிளுப்பு இருக்கு, அதையும் பறிக்கப் போறியா எண்டு இன்னொரு ஆள் கேட்பார். கனவு காணுங்கோ. 139 மீற்றர் உச்சியில் இருந்து கடல் தெரியும் எண்டு நினைக்க எனக்கும் வயிறு கூசுது. ஆனால் கனவு வேற, தீர்ப்பு வேற. 'எனக்கு ஆசையாய் இருக்கு' எண்டு சொல்லுங்கோ, ஆரும் மறுக்கேல்ல. 'உயரம் கூட, ஆகவே இதுதான் சிறந்தது' எண்டு மட்டும் சொல்லாதேங்கோ.

எங்கட ஊர்த் திருவிழாக்காலக் கார்னிவேலைப் பாருங்கோ. அங்க இராட்டினம் எத்தினை மீற்றர் எண்டு ஒரு பலகையும் இல்லை. பிள்ளையை ஏற்றுகிற அம்மா, கம்பியை ஒருக்கா ஆட்டிப் பாப்பா. "தம்பி, உது வடிவாப் பூட்டுப்பட்டிருக்கோ?" எண்டு கேப்பா. "ஓமம்மா, பயப்பிடாதேங்கோ" எண்டு அவன் சொன்னாலும், திரும்ப ஒருக்கா ஆட்டிப் பாப்பா. அந்த அம்மாவுக்குச் சனலும் இல்லை, சந்தாதாரரும் இல்லை. ஆனால் ஒப்பீடு செய்கிற எத்தனையோ பேர் கேட்காத கேள்வியை அவ கேட்டா.

அடுத்த 'டொப் 10' வீடியோ உங்கட திரையில வரும். வந்தால் கீழே ஒரு கருத்துப் போடுங்கோ: போன வருசம் எத்தினை நாள் ஓடினது? ஆரால ஏறலாம், ஆரால ஏலாது? சோதிச்சது ஆர், அரசாங்கமா அவையே தானா? பத்து வருசத்தால இது நிக்குமா? பதில் தெரியாட்டில் அவர்கள் தேடட்டும். தேடுகிற பழக்கம் வந்தால், அந்தப் பட்டியலில் முதலாவதாய் நிக்கிற பெயர் மாறும். அதுவரைக்கும் அந்தப் பெல் பட்டனை அமத்தாதேங்கோ.